பார்வை குறைகிறதா? ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

இரண்டு கண்களும் திறந்திருக்கும் வரை, ஒரு கண்ணில் பார்வை குறைவது பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. ஒரு கண் இழந்ததை மற்றொரு கண் ஈடுகட்டிவிடுகிறது. மூளையும் இரு பிம்பங்களில் தெளிவானதை எடுத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கிவிடுகிறது. படிப்பதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் தடையில்லை, தெரிந்தவர்களின் முகம் தெரிகிறது. ஆகவே கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். பார்வைக் குறைபாட்டில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான்.

உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குக் கிட்டத்துப் பார்வையிலோ தூரத்துப் பார்வையிலோ குறைபாடு உள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறைபாடு தடுத்திருக்கக்கூடியது, அல்லது சரிசெய்ய முடிந்தும் இன்னும் சரிசெய்யப்படாமல் இருப்பது. இதன் முதன்மையான காரணங்கள் அரிய நோய்கள் அல்ல: கண்ணாடி அணியாமல் விடப்பட்ட பவர் குறைபாடும், அறுவை சிகிச்சை செய்யாமல் விடப்பட்ட கண்புரையும்தான்.

கண் நோய் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குறைந்த பார்வை திரும்பக் கிடைக்குமா, அல்லது எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான் முடியுமா? முதல் வகையில், பெரியவர்களைப் பொறுத்தவரை, தாமதத்தால் பெரும்பாலும் வசதிதான் கெடும். இரண்டாம் வகையிலோ தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் பார்வையின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கொண்டுபோய்விடும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்கு எதற்குப் பதற வேண்டும், எதற்குப் பொறுக்கலாம் என்பது தெளிவாகிவிடும்.

பார்வை அளவுகள் என்ன சொல்கின்றன

மருத்துவச் சீட்டில் 6/6, 6/18 என்று எழுதப்படும் அளவு, 1862-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் ஸ்நெல்லன் உருவாக்கிய எழுத்துப் பலகையிலிருந்து வந்தது. மேலே உள்ள எண், பலகைக்கும் உங்களுக்கும் இடையிலான தூரம். கீழே உள்ள எண், அதே வரியை இயல்பான கண் எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கும் என்பது. 6/60 என்றால், மற்றவர் 60 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது என்று பொருள். இரண்டில் நன்றாகப் பார்க்கும் கண்ணின் பார்வை 6/12-க்கும் கீழே போனால் இலேசான குறைபாடு, 6/18-க்கும் கீழே மிதமானது, 6/60-க்கும் கீழே கடுமையானது, 3/60-க்கும் கீழே பார்வையின்மை என்று சர்வதேச நோய் வகைப்பாடு பிரிக்கிறது.

இந்த எண் நேராகப் பார்க்கும்போது உள்ள கூர்மையை மட்டுமே அளக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பக்கவாட்டுப் பார்வை, மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் திறன், நிறங்களைப் பிரித்தறியும் திறன் ஆகியவை இதில் அடங்காது. பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படிக்கும் ஒருவர், பார்வை நரம்பை மெல்ல அழிக்கும் குளுக்கோமா நோயால் பக்கப் பார்வையில் பெரும்பகுதியை இழந்தவராக இருக்கக்கூடும்.

வீட்டில் செய்யும் சோதனை

நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் கண் நோய் உள்ளவர்கள் ஆகியோர் மாதம் ஒருமுறையேனும் இதைச் செய்வது நல்லது. சுவரில் நாட்காட்டியோ எழுத்துள்ள தாளோ ஒன்றை மாட்டி, எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நின்று பாருங்கள். வழக்கமாக அணியும் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். ஒரு கண்ணை உள்ளங்கையைக் குழித்து மூடுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவோம், அழுத்தி மூடினால் அந்தக் கண்ணே சிறிது நேரம் மங்கிவிடும். எந்த வரி வரை படிக்க முடிகிறது என்று குறித்துக்கொண்டு, மற்றொரு கண்ணுக்கும் அதையே செய்யுங்கள். பிறகு புத்தகத்தை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, கிட்டத்துப் பார்வையையும் அவ்வாறே பாருங்கள்.

அடுத்து, கதவு நிலையின் விளிம்பு அல்லது தரை ஓடுகளின் கோடுகள் போன்ற நேர்கோடுகளை ஒவ்வொரு கண்ணாலும் பாருங்கள். கோடு வளைந்தோ நெளிந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால், கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் படலமான விழித்திரையின் மையத்தில், அதாவது மாகுலாவில், கோளாறு இருக்கலாம். இதற்கு ஒரு வாரம் காத்திருப்பதும் அதிகம். கடைசியாக, ஒரு சிவப்புப் பொருளை இரு கண்களாலும் மாறிமாறிப் பாருங்கள். ஒரு கண்ணில் அது வெளிறித் தெரிந்தால், பார்வை நரம்பைப் பரிசோதிக்க வேண்டும்.

முடிவுகளைத் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். சென்ற முறை படித்த வரியை இம்முறை படிக்க முடியவில்லை என்பதுதான் இச்சோதனையால் கிடைக்கும் செய்தி. ஆனால் எல்லாம் சரியாகத் தெரிவதால் மட்டுமே கண்ணில் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

முழுமையான கண் பரிசோதனை

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது கண் பரிசோதனை ஆகிவிடாது. எழுத்துப் பலகையில் பார்வையை அளப்பது, கண்ணின் உள்ளழுத்தத்தை அளப்பது, மருந்திட்டுக் கண்பாவையை விரித்து விழித்திரையையும் பார்வை நரம்பையும் நேரில் பார்ப்பது ஆகிய மூன்றும் நடந்திருந்தால்தான் பரிசோதனை முழுமையானது. மருந்திட்ட பிறகு சில மணி நேரம் கிட்டத்துப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே தாமே வண்டி ஓட்டிச் செல்லாமல் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நல்லது. குறையே இல்லாதவர்களும் 40 வயதில் ஒருமுறை இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். 65 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையோ தேவை.

போகும்போது பழைய கண்ணாடி, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், முந்தைய பரிசோதனைச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்கேனும் குளுக்கோமா இருந்ததா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மருத்துவரின் முடிவையே மாற்றக்கூடிய தகவல் அது.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

வலியே இல்லாமல் ஒரு கண்ணில் பார்வை திடீரென்று போவது, விழித்திரைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டதன் அறிகுறியாக இருக்கலாம். பக்கவாதத்துக்கு எவ்வளவு அவசரம் காட்டுவோமோ அவ்வளவு அவசரம் இதற்கும் தேவை. சில நிமிடங்களில் பார்வை தானாகத் திரும்பிவிட்டாலும் நிம்மதியடைந்து உட்கார்ந்துவிடக் கூடாது, ஏனெனில் அது பக்கவாதத்துக்கான முன்னெச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

கண்முன் மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரென்று கூட்டமாக மிதக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியவை விழித்திரை கிழிவதையோ பிரிவதையோ குறிக்கலாம். கிழிசல் நிலையிலேயே கண்டுபிடித்தால் லேசர் கொண்டு சுற்றிலும் ஒட்டிவிடலாம். மாகுலாவும் பிரிந்த பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பார்வை முழுமையாகத் திரும்புவது அரிது.

கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்குகளைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிந்து, குமட்டலும் வாந்தியும் வந்தால், கண்ணின் உள்ளழுத்தம் திடீரென்று ஏறியிருக்கக்கூடும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றும், தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் எண்ணி இந்த நோயாளிகள் மணிக்கணக்கில் நேரத்தை இழந்துவிடுவதுண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, தலை வாரும்போது உச்சந்தலையில் வலி, மெல்லும்போது தாடையில் வலி ஆகியவற்றோடு பார்வையும் மங்கினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தலையின் இரத்தக் குழாய்கள் வீங்கும் தமனி அழற்சியாக இருந்தால் ஒரு கண்ணைத் தொடர்ந்து மற்றொரு கண்ணும் சில நாட்களில் போய்விடலாம்.

திரும்பக் கிடைக்கும் பார்வை

கண்ணின் அளவுக்கும் அதன் ஒளி குவிக்கும் திறனுக்கும் பொருத்தம் இல்லாதபோது பவர் குறைபாடு ஏற்படுகிறது. வளர்ந்தவர்களின் கண், முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம் உடையது. அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே சுமார் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வரை கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும் குறை, வந்துவிடும். நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்துக்குக் காரணம் வேறு: கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகி, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கத் தேவையான அளவு வளைந்துகொடுக்க முடியாமல் போவதே அது. இவை அனைத்துக்கும் கண்ணாடியே எளிய, முழுமையான தீர்வு. கண்ணாடி போடப் போட பவர் ஏறும் என்ற அச்சத்தில் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். பவர் ஏறுவது வளர்ச்சியாலும் வயதாலும்தான். கண்ணாடி அதற்குக் காரணம் அல்ல. கண் பயிற்சிகளால் நீண்டுவிட்ட கண் குறுகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

லேசர் சிகிச்சை, கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிவான படலமான கருவிழியின் (கார்னியா) வளைவைச் செதுக்கிப் பவரைக் குறைக்கிறது. பதினெட்டு வயது நிரம்பி, பவர் மாறாமல் நிலைத்து, கருவிழி போதிய தடிப்புடன் இருப்பவர்களுக்கு மட்டுமே அது ஏற்றது. கண்ணாடி போய்விட்டது என்பதால் கண்ணின் நீளம் மாறிவிடவில்லை. அதிகப் பவர் இருந்தவருக்கு விழித்திரை பிரியும் இடர் அப்படியே இருக்கிறது, ஆகவே விழித்திரைப் பரிசோதனை தொடர வேண்டும்.

கண்புரை என்பது கண்ணின் லென்ஸ் தன் தெளிவை இழந்து மங்குவது. எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசுவது, நிறங்கள் மஞ்சளாகத் தெரிவது, கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுவது ஆகியவை தொடக்க அறிகுறிகள். பல ஆண்டுகளாகப் படிக்கும் கண்ணாடி அணிந்த முதியவர் திடீரென்று கண்ணாடி இல்லாமலே நாளிதழ் படிக்கத் தொடங்கினால், வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் புரை வளரும்போது லென்ஸின் நடுப்பகுதி அடர்ந்து கிட்டப்பார்வையை உண்டாக்குவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். சிறிது காலத்தில் அதுவும் மங்கிவிடும்.

கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதே சிகிச்சை. 1949-இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். 1967-இல் சார்லஸ் கெல்மன் ஒலி அதிர்வுகளால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள திறப்பு வழியாகத் தையல் இல்லாமல் இந்த அறுவை முடிந்துவிடுகிறது. 'புரை முற்றட்டும்' என்று காத்திருக்கச் சொல்வது பழைய முறைகளின் காலத்து அறிவுரை. அன்றாட வேலைகளுக்குப் பார்வை தடையாகத் தொடங்கியதும் செய்துகொள்ளலாம். மிகவும் முற்றவிட்டால் அறுவை கடினமாகி, கண்ணில் அழற்சியும் அழுத்தமும் ஏறும் வாய்ப்பு கூடுகிறது.

அறுவைக்குப் பிந்தைய நாட்களில் வலி கூடுவதும், சிவப்பு அதிகரிப்பதும், கிடைத்த பார்வை குறைவதும் கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். அடுத்த வருகைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே செல்ல வேண்டும். மாதங்கள், ஆண்டுகள் கழித்துப் பார்வை மெல்ல மங்கினால், புரை மீண்டும் வந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. லென்ஸைத் தாங்கும் உறை மங்கியிருக்கும். சில நிமிட லேசரில் அது சரியாகிவிடும்.

குழந்தைகளுக்குக் காலக்கெடு உண்டு

திரும்பக் கிடைக்கும் பார்வை காத்திருக்கும் என்று மேலே சொன்னது குழந்தைகளுக்குப் பொருந்தாது. பார்ப்பதற்கு மூளை பழகும் ஆண்டுகள் இவை. ஒரு கண்ணில் பவர் அதிகமாகவோ, மாறுகண்ணாகவோ, பிறவிப் புரையாகவோ இருந்து தெளிவான பிம்பம் மூளைக்குப் போகாவிட்டால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. இதுவே சோம்பேறிக் கண். ஏழு வயதுக்குள் தொடங்கினால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். பிறகு தொடங்கினாலும் ஓரளவு பயன் உண்டு, ஆனால் ஆண்டுகள் கூடக்கூடப் பலன் குறையும். முதலில் சரியான கண்ணாடி, பிறகு நல்ல கண்ணை ஒட்டுத் துணியால் மூடிச் சோம்பேறிக் கண்ணை வேலை வாங்குவது என்பதே முறை. மிதமான பாதிப்புக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மூடினாலே போதும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூடிய நேரத்தில் குழந்தையைப் படம் வரையவோ கதைப் புத்தகம் பார்க்கவோ உட்கார வைத்தால், குழந்தைக்கும் பெற்றோருக்கும் அது எளிதாக இருக்கும்.

மூன்று மாதக் குழந்தை முகத்தைப் பார்த்துத் தொடர வேண்டும். நான்கு மாதத்துக்கு மேலும் கண் மாறிப் போனால், வளர வளரச் சரியாகிவிடும் என்று விடக் கூடாது. ஒளிப்படத்தில் ஒரு கண்ணின் பாவை சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் தெரிந்தால், நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அது புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். புற்றுநோயாக இருந்தால் உயிரைக் காப்பதும் அந்த நாட்களில்தான் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரை இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திராததால், மருத்துவர் குறித்த நாளில் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் நடக்க வேண்டும். வீடு திரும்பிய மகிழ்ச்சியில் தவறவிடப்படும் இந்த ஒரு பரிசோதனை, வாழ்நாள் பார்வையைத் தீர்மானிக்கக்கூடியது.

பள்ளி வயதில் கிட்டப்பார்வை கூடிக்கொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செலவிடும் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைகிறது. ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்குக் குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டு மருந்தும், இதற்கென்றே வடிவமைத்த கண்ணாடிகளும் லென்ஸ்களும் ஏறும் வேகத்தைக் குறைக்கின்றன. வேண்டுமென்றே குறைந்த பவரில் கண்ணாடி எழுதுவதால் பயன் எதுவும் இல்லை.

காப்பாற்ற மட்டுமே முடிந்த பார்வை

குளுக்கோமாவில் பார்வை நரம்பின் இழைகள் மெல்ல அழிகின்றன. ஒரு கண்ணின் நரம்பில் ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் உள்ளன. அவற்றில் கணிசமானவை போன பிறகும் நோயாளி எதையும் உணர்வதில்லை, ஏனெனில் ஓரத்தில் இழந்ததை மற்றொரு கண் நிரப்பிவிடுகிறது. கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். ஆனால் இந்த வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் நோய் வருவதுண்டு. ஆகவே அழுத்த அளவை மட்டும் பார்த்து அமைதி அடையாமல், நரம்பையும் பார்வைப் பரப்பையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் இடர் பல மடங்கு.

அழுத்தத்தைக் குறைப்பதே இதற்கு இருக்கும் சிகிச்சை. சொட்டு மருந்து, லேசர், அறுவை என மூன்று வழிகளிலும் அது செய்யப்படுகிறது. மூன்றும் எஞ்சிய இழைகளைக் காக்குமே தவிர, போனவற்றைக் கொண்டுவராது. மருந்து போட்டும் பார்வை தெளிவாகவில்லையே என்று பாதியில் நிறுத்துபவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே, எதுவும் மாறாமல் இருப்பதுதான்.

சொட்டு மருந்தைச் சரியாக இடுவதும் கற்றுக்கொள்ள வேண்டியதே. கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்தால் சிறு பை போன்ற குழிவு தெரியும். குப்பியின் நுனி இமையிலோ முடியிலோ படாமல் அதில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கண்ணில் ஒரு சொட்டுக்குக்கூட முழு இடம் இல்லை, இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழிந்து வீணாகும். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கும் இரத்தத்துக்கும் போவது குறையும். மூடிய கண்ணைச் சிமிட்டவோ இறுக்கவோ வேண்டாம். வேறொரு மருந்தும் இட வேண்டுமானால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். கை நடுங்குபவர் படுத்துக்கொண்டு இடலாம், அல்லது வீட்டில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம்.

சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன, அடைபடுகின்றன, பின்பு இயல்பற்ற புதிய குழாய்கள் முளைத்து உடைகின்றன. நோய் முற்றும் வரை பார்வை 6/6 ஆகவே இருக்கலாம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட உடனேயே, முதலாம் வகை கண்டறியப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள், அதன்பின் பொதுவாக ஆண்டுதோறும் கண்பாவையை விரித்துப் பரிசோதிக்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கருவுறும்போது இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் கட்டுக்குள் வைப்பதே அடிப்படை. அதன் மேல் லேசரும், கண்ணுக்குள் இடும் ஊசியும், இரத்தம் கசிந்து நிறைந்துவிட்டால் அறுவையும் உதவுகின்றன. சர்க்கரை ஏறியிறங்கும்போது பவரும் மாறும். ஆகவே அது நிலைப்பட்ட பிறகு கண்ணாடி செய்துகொள்வது செலவை மிச்சப்படுத்தும்.

வயது சார்ந்த மாகுலாச் சிதைவு நடுப் பார்வையைத் தின்கிறது. பக்கப் பார்வை எஞ்சும். உலர்ந்த வகை மெதுவாக முன்னேறும். ஈர வகையில் புதிய இரத்தக் குழாய்கள் கசிந்து, வாரங்களில் பார்வையைக் கெடுத்துவிடும். இதற்குக் கண்ணுக்குள் ஊசி மருந்தைத் தொடர்ந்து இட வேண்டியிருக்கும். கண்ணில் ஊசி என்றதும் நடுங்காதவர் இல்லை, ஆனால் மரத்துப்போகச் செய்த பிறகே குத்துவார்கள். நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு, குறிப்பிட்ட அளவில் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டீன், ஜியாசாந்தின் அடங்கிய மாத்திரை நோய் முற்றுவதன் வாய்ப்பை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது. நோயே இல்லாதவர் அதைச் சாப்பிடுவதால் நோய் தடுக்கப்படுவதாகச் சான்று இல்லை. புகைப்பவர்களும் முன்பு புகைத்தவர்களும் பீட்டா கரோட்டீன் சேர்ந்த பழைய கலவையைத் தவிர்க்க வேண்டும். நுரையீரல் புற்றுநோயின் இடரை அது கூட்டுகிறது.

வராமல் காப்பது

நம் கையில் இருப்பவற்றுள் முதலிடம் புகைபிடிப்பதைக் கைவிடுவதற்கே. மாகுலாச் சிதைவு, கண்புரை இரண்டின் வாய்ப்பையும் புகை உயர்த்துகிறது.

அடுத்தது, சிவந்த கண்ணுக்குத் தாமாகவே மருந்து வாங்கி இடும் பழக்கத்தைக் கைவிடுவது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இரண்டு நாளில் சிவப்பைப் போக்கிவிடும் என்பதால் நல்ல மருந்து என்று பெயர் எடுத்துவிடுகிறது. ஆனால் ஹெர்ப்பீஸ் வைரஸால் வந்த கருவிழிப் புண்ணாக இருந்தால் அது ஆழமாகப் பரவும்; மாதக்கணக்கில் இட்டால் அழுத்தம் ஏறிக் குளுக்கோமாவும், புரையும் வரும். ஒவ்வாமையால் அரிக்கும் குழந்தைகளின் கண்களுக்குப் பழைய சீட்டை வைத்து இந்த மருந்தைத் திரும்பத் திரும்ப வாங்குவது மிகவும் ஆபத்தானது.

சுண்ணாம்பு, சிமென்ட், அமிலம், சுத்தம் செய்யும் திரவம் எது கண்ணில் பட்டாலும், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் அந்த இடத்திலேயே கழுவத் தொடங்குங்கள். இமையை விரித்துப் பிடித்து, கிடைக்கும் சுத்தமான நீரைக் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் ஓடவிட வேண்டும். இமைக்குள் ஒட்டிய துகள்களை ஈரத் துணி முனையால் எடுத்துவிடுங்கள். காரப் பொருள்கள் அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவுவதால், நீரூற்றும் முதல் சில நிமிடங்களே கண்ணின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. கூரான பொருள் குத்திக் கண் கிழிந்தது என்று சந்தேகம் வந்தால் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தியதைப் பிடுங்கக் கூடாது, காகிதக் குவளையின் அடிப்பகுதியைக் கண்ணைத் தொடாதபடி எலும்பின் மேல் பதித்து ஒட்டிக்கொண்டு செல்லுங்கள். உலோகத்தை உலோகத்தால் அடிக்கும்போது தெறிக்கும் சில்லு, பெரிய வலியின்றியே கண்ணுக்குள் புகுந்துவிடும் என்பதால், பட்டறை வேலை செய்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு நிமிட வேலைக்கும் அணிய வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் குழாய் நீரில் கழுவக் கூடாது, அணிந்தபடி குளிக்கவோ உறங்கவோ கூடாது. நீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் மிகுந்த வலியுடன் கூடிய, நெடுங்காலம் ஆறாத புண்ணை உண்டாக்கும். சூரிய கிரகணத்தையும் லேசர் விளக்குகளையும் நேராகப் பார்ப்பது விழித்திரையை எரித்துவிடலாம். அப்போது வலிக்காது என்பதே அதன் கொடுமை.

திரையை நெடுநேரம் பார்ப்பதால் வரும் எரிச்சலுக்குக் காரணம், கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்வதே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்ப்பதும், நினைவாகக் கண் சிமிட்டுவதும் போதும். நீல ஒளித் தடுப்புக் கண்ணாடி இந்தச் சோர்வைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வந்து, கவனிக்காவிட்டால் கருவிழியே கரைந்து போகலாம். கீரை, மஞ்சள் நிறக் காய்கனிகள், பால், முட்டை போன்றவையும், தேவையான இடங்களில் வைட்டமின் ஏ மருந்தும் அதைத் தடுக்கும்.

திரும்பாத பார்வையோடு வாழ்வது

இதற்கு மேல் சிகிச்சை இல்லை என்று மருத்துவர் சொன்னால், குறைபார்வை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எஞ்சிய பார்வையை முழுமையாகப் பயன்படுத்தக் கற்றுத்தருவது தனித் துறை. உருப்பெருக்கிகள், எழுத்தைப் பெரிதாக்கும் திரைகள், கைப்பேசியில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற வசதிகள், வெள்ளைக் கோல் கொண்டு நடக்கும் பயிற்சி, பிரெயில் ஆகியவற்றில் எது பொருந்தும் என்பது, எந்த வகைப் பார்வை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுப் பார்வை போனவருக்கு உருப்பெருக்கி உதவும். பக்கப் பார்வை சுருங்கியவருக்கு நடைப் பயிற்சியே முதலில் தேவை.

வீட்டில் மாற்றங்கள் எளியவை. படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் அடர்நிறப் பட்டை ஒட்டுங்கள். வெளிர்நிறப் பாத்திரத்தை அடர்நிற விரிப்பின் மேல் வையுங்கள். விளக்கைத் தலைக்கு மேலே அல்லாமல் படிக்கும் பக்கத்தின் மீது விழும்படி அமையுங்கள். பொருள்களை எடுத்த இடத்திலேயே வைக்க வீட்டார் அனைவரும் பழக வேண்டும். பார்வையற்றவருக்கு வழி காட்டும்போது அவருடைய கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ள, அரைக் காலடி தூரம் முன்னால் நடங்கள். உங்கள் உடல் ஏறுவதையும் இறங்குவதையும் அவர் தம் கையாலேயே உணர்ந்துகொள்வார்.

பார்வை மிகவும் குறைந்த சிலருக்கு, இல்லாத மனிதர்களோ பூக்களோ கோலங்களோ கண்முன் தெளிவாகத் தெரிவதுண்டு. மனநோய் என்று நினைத்து, வெளியே சொல்லாமல் அவர்கள் தனியே அஞ்சுகிறார்கள். கண்ணிலிருந்து செய்தி குறைந்ததால் மூளை தானாகவே படங்களை உண்டாக்கும் நிலை இது. சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர். பார்ப்பது உண்மையல்ல என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். பார்வை குறைந்த பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ, இப்படி ஏதேனும் தெரிகிறதா என்று நீங்களே கேளுங்கள். இது கண்ணால் வருவது, பலருக்கும் வருவது என்று விளக்குங்கள். வெளிச்சத்தைக் கூட்டுவதும், பார்வையை இடமும் வலமுமாக விரைவாக நகர்த்துவதும் பலருக்கு அந்தக் காட்சியைக் கலைத்துவிடும். தெரிவதை உண்மை என்று அவர் நம்பினாலோ, குரல்களும் கேட்டாலோ, அப்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.